ஒன்பதாம் வளைவில் கத்தியது யார்?

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. எங்கள் ஊர்ச் சங்கத்துக் காரியதரிசி என் தலையில் கட்டியது.

"ஞாயித்துக்கிழமை டொரீனுக்குப் பிரிவுபசார விழா. அவளோட விளையாட்டு வாழ்க்கையைப் பத்தி ரெண்டு பத்தி எழுதி மேடையில வாசிங்க, லோத்தார். ரெண்டே பத்தி. அப்புறம்... கொஞ்சம் உண்மையா இருக்கட்டும்" என்றார். கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, என் மனைவி ஹன்னெலோரேயைப் பார்த்தார். அவள் பெருமூச்சு விட்டாள்.

ஸாக்ஸனி மலைமேல், பனிக்கட்டிச் சரிவில் சறுக்கி இறங்கும் எங்கள் பாப் வண்டித் தடத்தில் முப்பது குளிர்காலம் ஒலிபெருக்கி அறிவிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உச்சியில் கிளம்பும் வண்டி ஒரு நிமிஷத்துக்குள் அடிவாரம் சேர்ந்துவிடும். சூடான ஒயின் குவளையைப் பிடித்தபடி விறைத்து நிற்கும் ஜனங்களை அதற்குள் அலறவைத்தாக வேண்டும். வெறும் உண்மையை வைத்துக்கொண்டு நடக்கிற காரியமா அது? நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே வீட்டில் ஓர் ஒப்பந்தம். எழுதுவது நான். சதுர அடைப்புக்குள் வருவது ஹன்னெலோரேயின் பென்சில்.

2

முதல் தொடக்கம்: 'டொரீன் ஹென்ட்ஷெல் பிறந்த அன்றே மருத்துவமனைக் கட்டிலை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்—'

[இல்லை.]

இரண்டாம் தொடக்கம்: 'டொரீன் தள்ளினால் வண்டி முன்னால் போகும், மலை ஓர் அங்குலம் பின்னால் போகும். நில அளவைக்காரர்கள் வருஷாவருஷம் வந்து—'

[லோத்தார்!]

சரி. மூன்றாவது, சத்தியமாக உண்மை. பெண்கள் ஓட்டும் இந்த வண்டியில் இரண்டு பேர். முன்னால் ஓட்டுநர். இரண்டு கயிறுகளை இழுத்து வண்டியைத் திருப்புவாள். பின்னால் தள்ளுநர். பனிக்கட்டியின் மேல் வண்டியைத் தள்ளிக்கொண்டு பேய் ஓட்டம் ஓடி, தாவி ஏறி, தலையை முழங்கால்களுக்கிடையில் புதைத்துக்கொள்ள வேண்டும். கீழே வந்ததும் பிரேக். பேரும் படமும் முன்னால் இருப்பவளுக்கு, முதுகுவலி பின்னால் இருப்பவளுக்கு. டொரீன் பின்னால். முன்னால் கோர்டுலா. பதினோரு வருஷம் ஒரே வண்டி, நகமும் சதையுமாக.

வண்டியில் கனம் சேர்ந்தால் வேகம் சேரும். தடகளத்திலிருந்து வந்த டொரீனோ அப்போது ஒட்டடைக் கம்பு மாதிரி இருந்தாள். ஆகவே சாப்பிட்டாள். ஒரே அமர்வில் நாற்பது உருளைக்கிழங்கு உருண்டை.

[பன்னிரண்டு. பரிமாறியது நான்.]

இருபத்தைந்து.

[பன்னிரண்டு.]

பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொன்றும் தலை அளவு.*

* என் தலை. ஹன்னெலோரேயின் தலை சின்னது. இந்த அடிக்குறிப்பை அவள் இன்னும் பார்க்கவில்லை.

[பார்த்துவிட்டேன்.]

3

அடுத்த பத்தியில் கொஞ்சம் அழகு சேர்க்கலாமென்று, 'பதினோரு வருஷம் அவள் கண்முன்னே வெண்மலைகள் பறந்தன, ஊசியிலை மரங்கள் பறந்தன' என்று எழுதி வைத்திருந்தேன். மேடையில் தன்னைப் பற்றி என்ன வரப்போகிறதென்று பயந்து டொரீனே வந்துவிட்டாள். அடுக்களையில் நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அலமாரி ஓரடி நகர்ந்தது. [நகரவில்லை.]

"என்ன லோத்தார், மலை பறக்குது, மரம் பறக்குது? நான் எங்கே அதெல்லாம் பார்த்தேன்? பதினோரு வருஷமா நான் பார்த்தது கோர்டுலாவோட பின்பக்கம். அவ உடுப்புல இடுப்புக்குக் கீழே ஒரு தையல் கோணலா ஓடும். வேணும்னா அதை எழுதுங்க."

"கோணல் தையலை மேடையில எப்படிம்மா வாசிக்கிறது?"

"கனடா போனேன், லாட்வியா போனேன். எல்லா ஊரும் எனக்கு ஒண்ணுதான். இருட்டு, இரைச்சல், கோர்டுலா." மறுபடி சிரித்தாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. "ஒரே ஒரு தடவை தவிர."

வாசகரே, கதை இங்கே என் கையைவிட்டு நழுவியது. எனக்கு வேண்டியிருந்தது சாப்பாட்டு விவரம் மட்டும்.

போன வருஷம் எங்கள் ஊரிலேயே நடந்த சாம்பியன்ஷிப். கடைசி ஓட்டம். அதுவரை மூன்றாம் இடம். ஒன்பதாம் வளைவு என் அறிவிப்பு அறைக்கு எதிரே சுவர்போல நிமிர்ந்து நிற்கும்.

"இதுதான் என் கடைசிப் பந்தயம்னு தெரியும். இத்தனை வருஷமா விழுந்தடிச்சுப் போற தடம், அது பார்க்க எப்படித்தான் இருக்கும்னு தோணிச்சு. தலையைத் தூக்கிட்டேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"பச்சை பாட்டிலுக்குள்ள வெயில் அடிச்ச மாதிரி... என்ன அழகு தெரியுமா! அப்புறம் பார்த்தா வண்டி மேலே மேலே ஏறுது. விளிம்புக்கே போகுது. பயத்துல 'கீழே! கீழே!'ன்னு கத்திட்டுத் தலையைக் கவுத்துக்கிட்டேன்."

நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் பதக்கம் போயிற்று. நான்காம் இடம். எங்கள் நாட்டில் அதற்குத் தகரப் பதக்கம் என்று பெயர். அதை எவரும் தருவதில்லை, எவரும் மறப்பதுமில்லை.

"காத்துல ஹெல்மெட்டை நீட்டினா வேகம் குறையாம என்ன செய்யும்? நான் குனிஞ்சிருக்கேன்னு நம்பித்தானே அவ ஓட்டினா. அன்னையிலேர்ந்து அவ மூஞ்சியைப் பார்க்க முடியல. சொல்லிடாதீங்க, லோத்தார். எழுதிடவும் செய்யாதீங்க."

தலையாட்டினேன்.

அந்தப் பந்தயத்திலிருந்து இருவரும் வானிலையைப் பற்றி மட்டுமே பேசிக்கொள்கிறார்கள். ஊரே கவனித்திருக்கிறது. திங்கட்கிழமை ரயிலில் டொரீன் பால்டிக் கடற்கரைக்குப் போகிறாள், துறைமுகக் காவல் வேலை. மலையென்று அங்கே இருப்பது மணல்மேடு.

4

மறுநாள் கோர்டுலா வந்தாள், கையில் தயிர்ப்பாலாடைக் கேக்கோடு. காபி ஊற்றுவதற்குள் காகிதத்தை எடுத்துவிட்டாள். 'கழுகுக் கண் கோர்டுலா' என்ற இடத்தில் முள்கரண்டி நின்றது.

"இந்தக் கழுகை எடுத்துடுங்க."

"ஏன்? பருந்து போடட்டுமா?"

"பறவையே வேண்டாம்."

"கோர்டுலா, நீ ஓட்டுநர். உன் கண்ணைப் புகழாம வேற எதைப் புகழறது? உன் உடுப்புத் தையலையா?"

அவள் முகம் பீட்ரூட்டாயிற்று. "ஒன்பதாம் வளைவில நான் கண்ணை மூடிக்குவேன்" என்றாள்.

என் கையிலிருந்த கோப்பை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. [தட்டில்தான் இருந்தது.]

"முதல் வருஷம் அங்கதான் குப்புறக் கவுந்தேன். அதுக்கப்புறம் அந்தச் சுவர் எதிர்ல வந்தாலே கண்ணு தானா மூடிக்கும். மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே கயித்தை இழுப்பேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. அன்னைக்கு எண்ணிக்கை தப்பிடுச்சு. சுவர்ல ஏறினோம், நேரம் போச்சு, பதக்கமும் போச்சு. டொரீனுக்குத் தெரிய வேண்டாம். என் கண்ணை நம்பித்தானே அவ குனிஞ்சு உட்கார்ந்தா."

மறுபடி தலையாட்டினேன். வாயில் கேக் இருந்தது. அப்படி ஆட்டினால் வாக்குக் கொடுத்ததாகுமா?

[ஆகும்.]

கோர்டுலா கிளம்பும்போது கதவருகே நின்றாள். "ஒண்ணு பாக்கி இருக்கு. அன்னைக்கு ஒலிபெருக்கில 'கீழே! கீழே!'ன்னு கத்தினீங்களே, அதைக் கேட்டுத்தான் கண்ணைத் திறந்து கயித்தை இழுத்தேன். இல்லேன்னா ரெண்டு பேரும் விளிம்பைத் தாண்டிப் போயிருப்போம். இத்தனை நாள் வெக்கத்துல சொல்லல. நன்றி."

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். இந்த ஊரில் நடந்த எல்லா நல்ல காரியத்துக்கும் என் குரல்தான் காரணமென்று முப்பது வருஷம் நானே சொல்லிவந்தேன். இப்போது ஒருத்தி கேக்கோடு வந்து, தானாகவே, கண்கலங்கச் சொல்கிறாள். அடக்கத்தோடு ஏற்றுக்கொள்ள வாயைத் திறந்தேன்—

[பந்தயத்தில் அந்த நேரத்தில் உன் வாயில் இருந்தது முழு நீள சாஸேஜ். பக்கத்தில் நின்றவள் நான். தடம் முழுக்கக் கேட்டது 'ம்ம்ம்'.]

—மூடிக்கொண்டேன்.

5

ஆக, ஒரே வண்டியில் இரண்டு பேர். பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதவள் பார்த்தாள். தலையைத் தூக்கியதால் பதக்கம் போயிருக்கலாம். தூக்காமல் இருந்திருந்தால் கழுத்தே போயிருக்கும். தன் கழுத்தைக் காப்பாற்றிய குரல் யாருடையது என்று கோர்டுலாவுக்குத் தெரியாது. காப்பாற்றியது தான்தான் என்று டொரீனுக்குத் தெரியாது. எனக்கும் ஹன்னெலோரேக்கும் தெரியும். மன்னிக்கவும், இப்போது உங்களுக்கும்.

முடிவு அ: எல்லாவற்றையும் வாசித்துவிடுகிறேன். இருவரும் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்கள். பேண்டு முழங்குகிறது. அந்த வெப்பத்தில் மலைப்பனி உருகி—

[மார்ச் மாதம். தானாகவே உருகும்.]

முடிவு ஆ: எல்லாவற்றையும் வாசித்துவிடுகிறேன். "கண்ணை மூடிக்கிட்டா ஓட்டினே, எருமை? என் உயிரு என்ன வாடகை உயிரா?" என்று டொரீன் எழுகிறாள். "தலையைத் தூக்கினியாடி, பாவி!" என்று கோர்டுலா எழுகிறாள். மிச்சமிருந்த வானிலைப் பேச்சும் நின்றுபோகிறது. இருவரும் சேர்ந்து என்னைத் தள்ளுகிறார்கள், ஐந்து மீட்டருக்கு.

முடிவு இ: வாக்கைக் காப்பாற்றி இரண்டு ரகசியத்தையும் வெட்டிவிடுகிறேன். மிஞ்சுவது பன்னிரண்டு உருண்டை. எல்லோரும் கைதட்டுகிறார்கள். திங்கட்கிழமை ரயிலடியில் கோர்டுலா, "வடக்கே காத்து அதிகமாம்" என்கிறாள். "ஆமாம், அப்படித்தான் சொல்றாங்க" என்கிறாள் டொரீன். ரயில் நகர்கிறது.

இதில் எதற்கு உங்கள் ஓட்டு? எனக்கு ஆ பிடித்திருக்கிறது, அதில் நான் பறக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் பேனா இ பக்கமே இழுக்கிறது. உண்மையாக இருக்கட்டும் என்றாரே காரியதரிசி, அவரை—

6

ஞாயிற்றுக்கிழமை. மேடையில் நிற்கிறேன். முன்வரிசையில் இருவரும் இருக்கிறார்கள், நடுவில் ஒரு நாற்காலி விட்டு. அந்த நாற்காலியில் இரண்டு பேருடைய கோட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கோட்டுகளுக்குள் சண்டை எதுவும் இல்லை போலிருக்கிறது.

உருண்டைகள்வரை வாசித்துவிட்டேன். நாற்பது என்றே வாசித்தேன். அரங்கம் அதிர்ந்தது. டொரீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கோர்டுலா அவள் சிரிப்பதைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறாள்.

அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டும். ரகசியத்தைச் சொல்லவா, வெட்டவா என்று ஹன்னெலோரே கடைசியாக ஏதாவது குறித்திருப்பாளென்று தேடினேன்.

[ ]

பென்சில் அடைப்பை மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

ஆகவே, வாசகரே, நான் முன்னால் உட்கார்ந்து கயிறுகளைப் பிடித்துக்கொள்கிறேன். கண்ணை இறுக மூடியாயிற்று, எண்ண ஆரம்பித்தாயிற்று. பின்னால் இருப்பது நீங்கள். வளைவு வந்துவிட்டது.