குனிந்த தலை

ஆலை முதலாளியின் முகத்துக்கு நேரே "இது தப்புங்க" என்று சொல்லி, ஊரில் இருந்த வேலையைத் தொலைத்தவர் அவர். அந்தப் பெருமையைத் தம் மீசையைப் போலவே பேணி வந்தார். கடல் கடந்து வந்து, ஹோட்டல்களின் துணிகளை வெளுத்துத் தரும் சலவைக்கூடத்தில் சேர்ந்தபின் மீசையை எடுத்துவிட்டார். மூத்தவரின் பிழையைப் பிறர் முன்னிலையில் சொல்வது இங்கே வழக்கமில்லை என்பதையும் கற்றுக்கொண்டார்.

மனைவியின் தம்பியை அதே கூடத்தில் சேர்த்துவிட்டபோது, முதல் நாளே அவனை வீட்டுச் சமையலறையில் நிறுத்தி, இந்நாட்டு முறையில் வணங்கப் பயிற்சி கொடுத்தார். கைகள் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். தலை மெதுவாகத் தாழ வேண்டும். மைத்துனன் சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டான். மேற்பார்வையாளருக்குக் 'கஞ்சி' என்று பெயரும் வைத்தான். சட்டையும் கழுத்தும் ஒரே விறைப்பு.

அந்தக் கஞ்சிதான், ஒரு மாலை அவசரத்தில், கம்பளிப் போர்வைகள் சுழன்ற இயந்திரத்தை வெந்நீருக்குத் திருப்பினார். துணியை அள்ளிப் போட்டவன் மைத்துனன். எதிரே விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த அவர் அதைத் தெளிவாகக் கண்டார். போர்வைகள் துண்டளவுக்குச் சுருங்கி வெளியே வந்தன.

"தொட்டில்ல போடலாம் மாமா. அதுவும் கொழந்தை கால மடக்கிப் படுத்தாத்தான்" என்றான் மைத்துனன்.

மறுநாள் காலை நிர்வாகி எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கேள்வி கேட்டார். கஞ்சி வாய் திறவாமல் மைத்துனனைப் பார்த்தார். மொழி தெரியாத மைத்துனன் தன் மாமா பக்கம் சாய்ந்தான்.

"என்ன கேக்குறாரு மாமா?"

"வெந்நீர வச்சது யாருன்னு."

"நீங்கதான் பாத்தீங்களே. சொல்லுங்க."

"இப்ப வேணாம்டா. எல்லார் முன்னாலயும் சொன்னா அவருக்கு அவமானம். நீ தலையக் குனிஞ்சுக்க, நான் அப்புறம் தனியாப் பேசிக்கிறேன்."

"நெசமாப் பேசுவீங்கல்ல?"

"பேசுறேன்னு சொல்றேன்ல!"

மைத்துனன் தலை குனிந்தான். நிர்வாகி அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். குற்றம் கேட்கும்போது குனியும் தலைக்கு இங்கே அதுதான் பொருள். அந்த நொடியில் அது நினைவுக்கு வரவில்லை என்று அவர் பிறகு மனைவியிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. அவரும் நம்பவில்லை.

மதியம், சொல்ல வேண்டியதை நெஞ்சுக்குள் அடுக்கிக்கொண்டு கஞ்சியின் அறைக்குப் போனார். கஞ்சி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தம் கையாலேயே காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

"வெளியிலிருந்து வந்தவர்களில் எங்கள் முறையைப் புரிந்துகொண்டவர் நீங்கள் ஒருவர்தான்" என்றார்.

தாம் பார்த்தது கஞ்சிக்கும் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அடுக்கி வைத்திருந்த சொற்கள் காப்பியோடு உள்ளே இறங்கின. வெளியே வந்தது 'நன்றி' மட்டுமே.

மைத்துனனின் வேலை போனதும், அவன் அந்நாட்டில் தங்கும் உரிமையும் போயிற்று. அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த மனைவி, நிமிராமலே கேட்டாள்.

"தனியாப் பேசுனீங்களா?"

"பேசத்தான் போனேன்."

"போனீங்க, சரி. பேசுனீங்களா?"

"இருக்கிற எடத்தோட மரியாதைய நாம மதிக்க வேணாமா?"

"ஆலையில வாயத் தொறந்தீங்க. நானும் புள்ளைங்களும் ஈரத்துணிய வயித்துல கட்டாத கொறைதான். ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? என் தம்பிக்காக ஒரே ஒரு தடவ தொறக்கணும்னதும் மரியாதை வந்து குறுக்க நிக்குதா? பயந்துட்டேன்னு சொல்லுங்க. அதையாவது மதிக்கிறேன்."



புறப்படும்போது மைத்துனன் வாசலில் பெட்டியை இறக்கி வைத்தான்; அக்காளும் அவனருகே வந்து நின்றாள். அவன் கையைப் பற்றிக்கொள்ள நினைத்து அவர் ஓரடி முன்னே வந்தார். மைத்துனன் கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, சமையலறையில் கற்றபடியே, மெதுவாகத் தலை தாழ்த்தினான். முகத்தில் சிரிப்பில்லை.

பழக்கத்தால் அவருடைய தலையும் தானாகக் குனிந்தது. நிமிர்ந்தபோது வாசலில் அக்காளும் இல்லை, தம்பியும் இல்லை. படிக்கட்டில் பெட்டி இடிபட்டு இறங்கும் ஓசை மட்டும் கேட்டது.