பழுப்பு டேப்பின் மடித்த நுனி

பின்கதவு திறந்தால் ஊரையே கூட்டவேண்டிய அலார ஸ்பீக்கர், அம்மா வெளியேறிய அந்த விடியற்காலையில் வாயே திறக்கவில்லை. மறதிநோயில் நினைவு மங்கியிருந்த அம்மா, மழையில் நனைந்தவாறே நடந்துபோய்க் கால்வாய்க் கரையில் விழுந்து இறந்துகிடந்தாள். அடக்கம் முடிந்த பிறகும் அண்ணனின் வாய் ஓயவில்லை. திருட்டு அலாரத்தை வாங்கி மாட்டச் செய்தவன் அவன். அம்மாவை உடன்வைத்துப் பார்த்துக்கொண்டவள் தங்கை.

"நீதான் நிறுத்தியிருக்கே. அந்தச் சத்தம் பிடிக்கலைன்னு எத்தனை தடவை என்கிட்டயே சொல்லியிருக்கே!"

"நான் அதைத் தொடவே இல்லண்ணா."

தொடவில்லை என்பதில் அவளுக்கே முழு உறுதி இல்லை. உறக்கம் கெட்டுக் கெட்டு, செய்ததும் செய்யாததும் ஒன்றாய்க் குழம்பிக் கிடந்த நாட்கள் அவை. பழி தன்னுடையதா, இயந்திரத்தினுடையதா என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இனி ஒரு வாய்ச் சோறும் உண்ண இயலாது. மெக்கானிக்கை அழைத்தவளும் அவளே.

இன்னொன்றும் இருந்தது, அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. அம்மா போனதிலிருந்து, பின்கதவு தாழிட்டிருக்கும்போதே, அதற்குரிய சிவப்பு விளக்கு அலாரப் பெட்டியில் தானாக எரிந்து தானாக அணைந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தார். அண்ணன் பின்கதவைத் திறந்தான். மீட்டரின் முள் துள்ளிற்று, ஸ்பீக்கரோ மூச்சுவிடவில்லை.

"பெட்டியிலேருந்து கரண்ட் ஒழுங்காத்தான் போகுது" என்றவர், கூடத்துச் சுவரின் உச்சியிலிருந்த ஸ்பீக்கரைக் கழற்றி, அதன் முனைகளில் சிறிய பேட்டரி ஒன்றை உரசினார். 'டக்'கென்றது. "இதுக்கும் உயிர் இருக்கு. வாய் இருந்தும் பேசமாட்டேங்குது. எங்க வீட்டுல இதுக்கு நேர்மாறு, சார்."

அண்ணன் சிரிக்கவில்லை. "அப்ப கோளாறு எங்கதான்?"

"நடுவுல. ஒயர்லதான் இருக்கணும்."

ஒயரைத் தடவிக்கொண்டே போன அவருடைய விரல், சன்னல் திரைக்குப் பின்னே நின்றது. அங்கே ஒயர் கத்தரிக்கப்பட்டிருந்தது. வெட்டுப்பட்ட இரு முனைகளும் தனித்தனியே பழுப்பு நிறப் பார்சல் டேப்பால் சுற்றப்பட்டிருந்தன.

"பாத்தியா! இதைக் கத்தரிச்சது யாரு, பூனையா?" என்று அண்ணன் கத்தினான்.

"எங்க ஆளுங்க கறுப்பு டேப்தான் போடுவாங்க" என்றபடி மெக்கானிக் அதைப் பிரிக்கப் போனார். நுனியைத் தேடவேண்டியிருக்கவில்லை. பிடித்து இழுக்க வாகாக, அது சிறிதளவு உள்மடித்து விடப்பட்டிருந்தது.

தங்கை அந்த மடிப்பைக் கண்டாள். அண்ணனைப் பார்த்தாள், அவனும் கண்டுகொண்டான். பார்சல் அலுவலகத்தில் பெட்டி கட்டியே இருவரையும் ஆளாக்கியவள் அம்மா. 'அடுத்தவங்க நகம் ஒடியக்கூடாது' என்று எந்த டேப்பின் நுனியையும் மடிக்காமல் விடமாட்டாள். பெற்ற மகளின் பெயரே மறந்துபோன பின்னும், அந்த மடிப்பு அவள் கையை விட்டுப் போகவில்லை.

அண்ணன் தொப்பென்று உட்கார்ந்தான். "அம்மா எதுக்கு இதைப் போய்..."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள், அம்மா பின்கதவைத் திறந்து திறந்து அலாரம் ஓயாமல் அலறியபோது, அம்மாவின் எதிரிலேயே காதைப் பொத்திக்கொண்டு அவள் அழுதிருக்கிறாள்: 'இந்தச் சனியனை யாராவது நிறுத்தித் தொலைங்களேன், நான் கொஞ்சம் தூங்கணும்!' மறுநாள் சன்னலடியில் முக்காலி கிடந்தது. அதை எடுத்து உள்ளே வைத்ததோடு மறந்துபோனாள். எவர் சொல்லும் மனத்தில் தங்காத அம்மா, அந்த ஒரு சொல்லை மட்டும் தங்கவைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நான் தூங்கணும்னுதாண்ணா" என்றாள்.

மெக்கானிக் ஸ்பீக்கரை மாட்டிவிட்டு ஒயரை முறுக்கி இணைத்தார். பின்கதவு இன்னும் திறந்தே இருந்தது. அந்த விடியற்காலையில் எழும்பியிருக்கவேண்டிய அலறல், வீடு அதிர இப்போது எழும்பிற்று.

"வேணாம், பிரிச்சிடுங்க!"

அவர் பதறிப் பிரித்தார். "அப்புறம் அலாரம் எதுக்கும்மா? திருடன் வந்தா?"

"வர்றது திருடன் இல்ல."

அண்ணன் பின்கதவைச் சாத்தித் தாழிட்டான். சிவப்பு விளக்கு அணைந்தது. அவள் பழுப்பு டேப்பை எடுத்துவந்து முனைகளைத் தானே சுற்றி, நுனியை மடித்துவிட்டாள். விளக்கு மறுபடி எரிந்தது.

"கதவுல இருக்கிற காந்தம் தளர்ந்திருக்கும்" என்றார் மெக்கானிக். ஆனால் போய்ப் பார்க்க அவருக்குக் கால் எழவில்லை.

அவள் பின்கதவை நோக்கித் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "மெதுவா வாம்மா. அது கத்தாது."