இதோ வந்துட்டேன்

இளைய மகளை ரயில் நிலையத்துப் பெஞ்சில் மறந்துவிட்டுப் போன அம்மா, மூன்று மணி நேரம் கழித்து அடித்துப் பிடித்துத் திரும்பி வந்தபோது, மகளுக்குப் பக்கத்தில் தானே உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். அதே நீல உடை, வார் பிய்ந்த அதே கைப்பை, என்ன செய்தாலும் அடங்காமல் நெற்றியில் விழும் அதே முடி. ஒரே ஒரு வித்தியாசம். உட்கார்ந்திருந்தவள் மடியில் நிரம்பிய தண்ணீர் பாட்டில் இருந்தது. ஓடி வந்தவள் கையில் பாட்டிலே இல்லை. அதைக் குழாயடியில் வைத்துவிட்டுத்தான் அவள் ரயிலேறியிருந்தாள். நிலைய அதிகாரி கோடை விடுமுறைகளில் எத்தனையோ விதமான சாமான்களை உரியவரிடம் ஒப்படைத்துப் பழகியவர். இரண்டு பேரையும் ஒரு முறை பார்த்தார். "உங்க அம்மா யாரு பாப்பா?" என்று குழந்தையிடம் கேட்டார். குழந்தை பக்கத்தில் இருந்தவளைக் காட்டியது. பிறகு, ஓடி வந்தவள் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, அவளையும் காட்டியது. அதிகாரி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாப்பிடப் போனார்.

இது எப்படி நேர்ந்தது என்றால், அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. நடக்காததை நடந்து முடிந்ததாகச் சொல்வார்கள். எலெக்ட்ரீஷியனான அப்பா, இடுப்பில் துண்டோடு நின்றுகொண்டு, "கிளம்பியாச்சு, வழியில இருக்கேன்" என்று போனில் சொல்வார். மூத்த மகள் புத்தகத்தைத் திறக்காமலே "படிச்சாச்சு" என்பாள். அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் மாட்டிக் கொடுக்கும் வேலை பார்த்தாள். அங்கே லென்ஸே வந்து சேராத கண்ணாடிக்கு "ஆயிடுச்சு சார்" என்பாள். வீட்டில் சமையலறையிலிருந்தும், குளியலறையிலிருந்தும், மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போதும் யார் கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்பாள். இதையெல்லாம் யாரும் பொய் என்று நினைப்பதில்லை. கேட்கிறவர்கள் கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு, போய்த் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். பொடிசு என்று கூப்பிடப்பட்ட இளையவளுக்கு மட்டும் அப்போது ஐந்து வயது. கழித்தல் கணக்கு இன்னும் சொல்லித் தரப்படவில்லை. அம்மா வந்துட்டேன் என்றால் அம்மா வந்துவிட்டாள் என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு கோடையிலும் அவர்கள் நாத்தனார் வீட்டுக்குப் போவார்கள். ஒவ்வொரு பயணத்திலும் அம்மா எதையாவது சொதப்புவாள், அல்லது சொதப்பியது அவள்தான் என்று முடிவாகும். ஒரு வருடம் இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்ற சந்தேகத்திலேயே விடுமுறை முழுவதும் கழிந்தது, அணைத்துத்தான் இருந்தது. இன்னொரு வருடம் யாரோ ஒருவருடைய பெட்டியை மாற்றித் தூக்கி வந்து, அதிலிருந்த ஆண்கள் சட்டைகளை அணிந்துகொண்டு அம்மா ஒரு வாரம் நடமாடினாள். பொடிசைத் தொலைத்த வருடம், வழியில் ஒரு பெரிய நிலையத்தில் வண்டி மாற வேண்டியிருந்தது. பொடிசைப் பெஞ்சில் உட்காரவைத்து, "இங்கேயே இரு, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்மா தண்ணீர் பிடிக்கப் போனாள். பாட்டில் பாதி நிரம்பும்போது, வண்டி வேறு பிளாட்பாரத்தில் வருகிறது என்று ஒலிபெருக்கி அறிவித்தது. அப்பா தூரத்திலிருந்து கத்தினார். அம்மா பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குழந்தை அப்பாவிடம் இருக்கிறது என்று அம்மாவும், அம்மாவிடம் இருக்கிறது என்று அப்பாவும் நினைத்தார்கள். கூட்டத்தில் ஆளுக்கொரு பெட்டியில் ஏறினார்கள்.

இதுவரை எந்தக் குடும்பத்திலும் நடக்கக்கூடியது. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் அம்மா யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கையைப் பிடித்து யாரும் இழுக்கவில்லை. அது என்ன, இது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மடி காலியாக இருந்தது. காற்று முகத்தில் அடித்தது. ஏதோ ஒன்று குறைகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தக் குறை சுகமாகவும் இருந்தது. அப்பாடா என்று கண்ணை மூடியவள் அப்படியே தூங்கிப்போனாள். மூத்தவள் பெட்டி பெட்டியாகத் தேடி வந்து தோளை உலுக்கி, "பொடிசு எங்கம்மா?" என்று கேட்ட பிறகுதான் விழித்தாள். மறந்ததற்காக அவளை அப்பா திட்டினார், நாத்தனார் சமாதானப்படுத்தினாள், அக்கம்பக்கம் ஒரு மாதம் பேசி ஓய்ந்தது. யார் வேண்டுமானாலும் மறக்கலாம். மறந்ததில் நிம்மதியாகத் தூங்கியவள் தன்னைப்போல் வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்று அம்மா நினைத்தாள்.

அன்று பெஞ்சில் இருந்தவளை அங்கேயே விட்டுவிட்டு வர யாருக்கும் மனம் வரவில்லை. ஒரே நாளில் இரண்டு பேரை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு வந்தால் ஊர் என்ன சொல்லும் என்றார் அப்பா. நாத்தனார் கதவைத் திறந்து, "வாங்க அண்ணி" என்றாள். கொஞ்சம் நகர்ந்து நின்று மறுபடியும், "வாங்க அண்ணி" என்றாள். இன்னொரு தட்டு எடுத்துவரச் சமையலறைக்குப் போனாள். பெஞ்சில் இருந்தவளுக்குப் பொடிசு 'வந்துட்டேன் அம்மா' என்று பெயர் வைத்தாள். தெருவில் சுருக்கமாக 'வந்தவள்' என்றார்கள்.

வந்தவள் சமைக்க மாட்டாள், துவைக்க மாட்டாள், வேலைக்குப் போக மாட்டாள். முதல் மாதம் அப்பா அவளிடமும் சாவி எங்கே, சாக்ஸ் எங்கே என்று கேட்டுப் பார்த்தார். அவளுக்கு எதுவும் தெரியவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பொடிசு இருக்கும் இடத்தில் இருப்பது. பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் இருந்தாள். பல் மருத்துவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தாள். பொடிசு சைக்கிளிலிருந்து விழுந்தபோது, விழுந்து முடிப்பதற்குள் அங்கே இருந்தாள். பொடிசுக்குக் காய்ச்சல் என்று கேட்டு அம்மா கடையிலிருந்து பதறிக்கொண்டு வருவாள். அறை வாசலுக்கு வந்தால், குழந்தையின் நெற்றியில் ஏற்கெனவே ஒரு கை இருக்கும். அது அவளுடைய கைதான். எண்ணெய் தெறித்த தழும்பு உட்பட அவளுடையதுதான். தன் கையைப் பார்த்தே பொறாமைப்பட வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருக்கும். செருப்பைக் கூடக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சீருடையை இஸ்திரி போடப் போய்விடுவாள்.

அந்தக் கோடைக்குப் பிறகு அம்மா "வந்துட்டேன்" என்ற சொல்லையே விட்டுவிட்டாள். கூப்பிட்டால், "வர நேரமாகும்" என்பாள். "வருவேனான்னு தெரியலை" என்றும் சொல்வாள். கடையில், "ஆகல சார், சாயங்காலமும் ஆகாது" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். வாடிக்கையாளர்கள் ஆரம்பத்தில் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். அங்கே நான்கு தடவை நடையாய் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அப்பா மட்டும் துண்டோடு நின்று வழியில் இருப்பதாகச் சொல்வதைத் தொடர்ந்தார். அவர் சொல்வதை ஒருவரும் நம்பாததால் இன்னொரு அப்பா எங்கும் வந்து சேரவில்லை. வருவதாகச் சொல்லிவிட்டு வராததற்காக அவருக்கு ஒரு நாளும் தூக்கம் கெட்டதாகவும் தெரியவில்லை.

கோடைப் பயணங்கள் நிற்கவில்லை. அம்மா ஜன்னலோரத்தில் உட்காருவதை விட்டாள். நடைபாதைப் பக்கம் உட்கார்ந்து, கண்ணை அகல விரித்துக்கொண்டு தலைகளை எண்ணுவாள். தன்னை விட்டுவிட்டு எண்ணினாலும் நான்கு வரும். அதில் ஒன்று தன்னுடைய தலையாகவே இருக்கும். ஒரு வருடம் பொறுக்க முடியாமல், அதே நிலையத்தில், வந்தவளிடம் காலி பாட்டிலைக் கொடுத்துத் தண்ணீர் பிடித்துவரச் சொன்னாள். அவள் குழாயடிக்குப் போனதும் எல்லோரையும் அவசரப்படுத்தி வண்டியில் ஏற்றினாள். வண்டி நகர்ந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், பொடிசுக்குப் பக்கத்தில் வந்தவள் நிரம்பிய பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். கோபமே இல்லை. பாட்டிலை நீட்டினாள். அம்மா வாங்கிக் குடித்தாள். ஒரு முறை பெற்ற பிள்ளையை விட்டேன், இப்போது என்னையே விடப் பார்த்தேன் என்று அந்தக் கோடை முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. நாத்தனார் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மோர் கரைத்துக் கொடுத்தாள்.

வருடங்கள் போயின. மூத்தவள் படித்தே முடித்துவிட்டாள். கல்யாணம் செய்துகொண்டு போனாள். நாத்தனார் வீடு மாறினாள். அம்மா கண்ணாடிக் கடையில் கண்ணாடி போட்டுக்கொண்டாள். அதே நாளில் வந்தவளுக்கும் பார்வை மங்க, அதே பவரில் இன்னொன்று செய்ய வேண்டியிருந்தது. பொடிசு அப்பாவைவிட உயரமாக வளர்ந்தாள். பெயர் மட்டும் வளரவில்லை. தூர நகரத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. கோடையின் நடுவில் கிளம்ப வேண்டும், அதே நிலையத்தில் வண்டி மாற வேண்டும். அதுவரை கூட வருவதாக அம்மா சொன்னாள். வந்தவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா வழியில் இருப்பதாகப் போன் செய்தார். யாரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

பெஞ்சுக்குப் புது வர்ணம் அடித்திருந்தார்கள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள், பொடிசு நடுவில். வண்டி வர நேரம் இருந்தது. இவள் போனால் வந்தவளும் கூடவே போய்விடுவாள், இவ்வளவு நாள் சொல்லாததை இனி யாரிடமும் சொல்ல முடியாது என்று அம்மாவுக்குத் தோன்றியது. 

"அன்னைக்கு நான் உன்னை இங்க விட்டுட்டுப் போனேன்ல" என்று ஆரம்பித்தாள்.

"அம்மா, எத்தனை தடவைம்மா அதையே சொல்லுவ?"

"அது இல்லடி. ரயில்ல ஜன்னலோரம் உக்காந்தேன். நீ பக்கத்துல இல்லாதது நல்லா இருந்துச்சு. நிம்மதியா தூங்கினேன். அதைத்தான் இத்தனை வருஷமா சொல்லலை."

பொடிசு வந்தவளைப் பார்த்தாள். வந்தவள் தண்டவாளத்தைப் பார்த்தாள். பொடிசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 

"வந்துட்டேன் அம்மா அன்னைக்கு என்ன பண்ணாங்கன்னு நினைக்கிற? பிஸ்கட்டை உடைச்சு உடைச்சு எனக்கு ஊட்டிக்கிட்டே, 'ஜன்னல் சீட்டு போச்சே, ஜன்னல் சீட்டு போச்சே'ன்னு மூணு மணி நேரம் புலம்பினாங்க. எனக்கே பாவமா இருந்துச்சு."

அம்மா நம்பவில்லை. குனிந்து, மகளைத் தாண்டி, தன் முகத்தையே பார்த்தாள். வந்தவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. எது வந்தாலும் வரட்டும் என்று விட்டுவிட்டாள். போனவளும் வந்தவளும் அன்று ஒரே இருக்கைக்குத்தான் ஆசைப்பட்டிருக்கிறார்கள். ஒருத்திக்குக் கிடைத்தது, மற்றவளுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அழுததில் தொண்டை வறண்டுபோனது. பாட்டிலில் தண்ணீர் இல்லை. பொடிசு எழுந்தாள். "நீ இங்கேயே இரும்மா, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனாள். அவள் பாட்டிலைக் குழாயில் வைத்ததுமே ஒலிபெருக்கி வழக்கம்போல் பிளாட்பாரத்தை மாற்றி அறிவித்தது. வந்தவள் பெட்டியோடு ஏற்கெனவே பொடிசுக்குப் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேரும் மேம்பாலத்தில் ஓடுவதும், எதிர் பிளாட்பாரத்தில் முண்டியடித்து ஏறுவதும் அம்மாவுக்குத் தெரிந்தது. ஓடிப்போய் ஜன்னல் வழியாக ஒரு முறை முகத்தைப் பார்த்திருக்கலாம். ஆனால் பொடிசு இங்கேயே இரு என்று சொல்லியிருந்தாள். வந்துட்டேன் என்றும் சொல்லியிருந்தாள். பதினைந்து வருடங்களாக அந்தச் சொல்லை வாயில் எடுக்காமல் இருந்த அம்மா, அதிலிருந்து எதையும் கழிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டாள். வண்டி கிளம்பிப் போயிற்று. அம்மா உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பொடிசு நிரம்பிய பாட்டிலோடு குழாயடியிலிருந்து வந்தாள். அம்மா கைப்பையை நகர்த்தி இடம் விட்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. பாதி குடிக்கும்போது போன் அடித்தது.

"அம்மா, சாரிம்மா, பிளாட்பாரம் மாத்திட்டாங்க, ஒரே ஓட்டம். சொல்லிக்கக்கூட முடியலை. நீ இன்னும் அங்கேயே உக்காந்திருக்கியா?" என்றாள் பொடிசு. பின்னால் காற்று இரைந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஜன்னல் சீட்டு கிடைச்சிருக்கும்மா" என்றாள். குரலில் இருந்த சந்தோஷத்தையும், அதை மறைக்கப் பார்க்கிற வெட்கத்தையும் அம்மா அடையாளம் கண்டுகொண்டாள்.

"நல்லா காத்து வாங்கு. தூக்கம் வந்தா தூங்கு" என்றாள் அம்மா. "நீதான் இங்க வந்துட்டியே."

இருவரும் அடுத்த வண்டியில் வீடு திரும்பினார்கள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, வழி முழுவதும் தூங்கினாள். வீட்டில் அப்பா இடுப்பில் துண்டோடு, இப்போதுதான் கிளம்பலாம் என்று இருந்ததாகச் சொன்னார். பொடிசைப் பார்த்ததும், "ஏன், போகலையா?" என்று கேட்டார்.

"போயிட்டேம்பா" என்றாள் பொடிசு, செருப்பைக் கழற்றிக்கொண்டே. அப்பா இன்னொரு தட்டு எடுத்துவரச் சமையலறைக்குப் போனார்.