'தாமதம்' என்ற கட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நான்கு கேள்விகளுக்கும் வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்று, உடம்பு பரவாயில்லை. இரண்டு, கரு கலைந்த எட்டாம் நாளே வேலைக்குப் போய்விட்டேன். ஸ்கேனில் துடிப்பு இல்லை என்றதும், "கொஞ்சம் தாமதமா வருமோ டாக்டர்?" என்று கேட்டேனே, பக்கத்தில் நீதான் இருந்தாய். அதற்குப் பிறகு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

மூன்று, என்ன வேலை என்று கேட்டாய். எல்லா செல்லிலும் இருப்பது ஒரே மரபணு இழைதான். அது புரத உருண்டைகளில் சுற்றிக் கிடக்கும். வேறு சில புரதங்கள் அதில் வேதிக்குறிகளை இடும். ஒரு குறி பட்டால் சுற்று தளர்ந்து அங்குள்ள மரபணு வேலை செய்யும். இன்னொரு குறி பட்டால் இறுகி அடங்கிவிடும். கருவில் இதயம் உருவாக, அதற்கான மரபணுக்கள் உரிய நேரத்தில் தளர வேண்டும். குறியிடும் புரதம் ஒன்றைச் சில மீன் கருக்களில் நீக்கிப் பார்க்கிறோம். எந்தத் தட்டில் நீக்கியது என்று எனக்குச் சொல்லமாட்டார்கள், கண் ஒருபக்கம் சாயக்கூடாது என்பதற்காக. தட்டுகளில் வெறும் எண் போடுபவர் ஒட்டகம். கூட வேலை பார்ப்பவர், அவ்வளவு உயரம் என்பதால் அந்தப் பட்டப்பெயர். இரண்டாம் நாள் நான் நுண்ணோக்கியில் பார்த்து, 'துடிக்கிறது', 'துடிக்கவில்லை' என்ற கட்டங்களில் கோடு போடுவேன். பிறகு தட்டைக் கொட்டிவிடுவோம்.

மூன்று வாரமாக 'தாமதம்' என்று இன்னொரு கட்டமும் வரைந்திருந்தேன்.

செவ்வாயன்று எது எந்தத் தட்டு என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆய்வகத் தலைவர் மேடம் குதிக்காத குறை.

"புரதம் இல்லாட்டி இதயம் தாமதமாத்தான் ஆரம்பிக்குது! கட்டுரைய எழுதிரலாம்."

ஒட்டகம் தாளைத் திருப்பினார். "ஏம்மா, இதெல்லாம் அப்புறம் துடிச்சுதா?"

"பாக்கல. கொட்டியாச்சு."

"அப்ப ஜோசியம் பாத்துப் போட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேசாமல் இருந்திருந்தால் கட்டுரை போயிருக்கும்.

"அது எதுவும் துடிக்கல மேடம். வெளுத்துப் போயிருந்துச்சு. எனக்குத் தெரியும்."

"மூணு வார வேலைம்மா."

"ஆமா மேடம்."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். "இனிமே நான் எண்ணட்டுமா?" என்றார் ஒட்டகம், சிரிக்காமல். வேண்டாம் என்றேன்.

இன்று காலை புதுத் தட்டுகள் வந்தன. இரண்டு கட்டம் மட்டும் வரைந்தேன். பதினேழாம் தட்டில் முப்பது கருக்கள். துடிக்காதவை இருபத்திரண்டு. இருபத்திரண்டு கோடும் போட்டேன்.

நான்கு, பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும் சின்னச் சட்டைகள். ஞாயிறு வரும்போது எடுத்துப் போ.

அன்புடன்,
தங்கை