ஜன்னல் இல்லாத அறை

இளவேனில் காலம் தொடங்கி மூன்று வாரங்களே ஆகியிருந்தன. அதற்குள் வானொலி மூன்றாம் முறையாகப் புயலெச்சரிக்கை விடுத்தது. பிற்பகல் மூன்று மணிக்குக் காற்று வரும் என்றார் அறிவிப்பாளர்.

நிலைக்கண்ணாடிகள் செய்து விற்கும் கண்ணாடிக்காரர் எதிலும் குறை வைக்கவில்லை. வாளிகளில் நீர் நிரப்பினார். கைவிளக்குக்குப் புது பேட்டரி போட்டார். மாமியாரின் மாத்திரைகளை ஈரம் படாத டப்பாவில் அடைத்தார். வெளியில் கிடந்த நாற்காலிகளை உள்ளே இழுத்துப்போட்டார்.

ஜன்னல் இல்லாத அறையே பத்திரமான இடம் என்றும் வானொலி சொல்லியிருந்தது. அவ்வீட்டில் அப்படிப்பட்ட அறை மாடிப்படிக்குக் கீழே ஒன்றுதான் உண்டு. ‘பத்திரம்’ என்றதும் அவர் நினைவுக்கு வந்தவை கண்ணாடிகளே, மனிதர்கள் வரவில்லை. பக்கத்துப் பட்டறையாட்கள் நால்வரை அழைத்து, பதினொரு கண்ணாடிகளையும் அங்கே சுவரோரமாக நிறுத்தினார். கடைசியாக வைத்தது நடனப்பள்ளிக்காக மூன்று மாதம் இழைத்த ஆளுயரக் கண்ணாடி. ஒரு புள்ளிகூடப் பிசகாமல் வெள்ளி பூசி முடித்த முதல் கண்ணாடி அது.

பேருந்துகளை நிறுத்திவிட்டதால், ஓட்டுநரான மனைவி இரண்டு மணிக்கே வீடு திரும்பினார். தாயின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் அவ்வறையைத் திறந்தார். கண்ணாடிகளுக்குள்ளிருந்து பதினொரு மனைவியர் ஒரே சமயத்தில் இடுப்பில் கைவைத்துக் கண்ணாடிக்காரரை முறைத்தனர்.

“என்னங்க இது?”

“பத்திரமா இருக்கட்டுமேன்னு...”

“அப்போ நாங்க?”

“விடும்மா,” என்றார் மாமியார். “மாப்பிள்ளை ஒரு ஆணி அடிச்சுக் குடுத்தா, நானும் செவுத்துல தொங்கிக்கிறேன்.”

வானம் செம்பும் பச்சையும் கலந்த நிறமாகியிருந்தது. கணவனும் மனைவியும் ஒவ்வொன்றாகக் கண்ணாடிகளைத் தூக்கிச்சென்று, படுக்கையில் கிடத்திப் போர்வை மூடினர். கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் கண்ணாடிக்குள் மேகங்கள் ஓடின. தம் கையில் இருப்பது வானத்தின் ஒரு துண்டு என்றும், தாம் நடப்பது தரையிலன்று என்றும் கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது.

பத்து முடிந்தன. பதினொன்று அசைய மறுத்தது. நால்வர் தூக்கிய எடை. அவர்களோ வீடு போய்ச் சேர்ந்திருந்தனர். அது உள்ளே நின்றால் சக்கர நாற்காலி நுழையாது. சாய்ந்தாலோ உள்ளிருப்போர் மேல்தான் விழும். தெருவில் அபாயச் சங்கு ஊதியது.

கண்ணாடிக்காரர் சட்டைப்பையிலிருந்து வைரமுனை வெட்டுளியை எடுத்தார். கண்ணாடிக்குள் இருந்தவரும் எடுத்தார். இருவரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிறகு, நடுவில் குறுக்காக ஒரே கோடு. பட்டுத்துணி கிழிவதுபோன்ற மெல்லிய ஓசை. பின்னால் மரச்சட்டம் கொடுத்து அழுத்த, மூன்று மாத உழைப்பு இரண்டாய்ப் பிரிந்தது. மனைவி மேல் பாதியைத் தாங்கிக்கொண்டார்.

இரு பாதிகளும் படுக்கைக்குப் போயின. மூவரும் உள்ளே புகுந்து கதவைச் சாத்தினர். வீட்டின்மேல் ஒரு கடல் நடந்துபோவதுபோல் காற்று வந்தது. இருளில் சுவர்களே இல்லை. மூன்று மூச்சுகள் மட்டும் மிதந்தன.

“இன்னொண்ணு பண்ண எத்தனை நாள் ஆகும்?” என்றார் மனைவி.

“மூணு மாசம்.”

“சரி. பண்ணுங்க.”

“என் காலை மட்டும் மிதிச்சிராதீங்க மாப்பிள்ளை,” என்றது மாமியாரின் குரல். “இது உடைஞ்சா உங்களால பண்ணித் தர முடியாது.”

கண்ணாடிக்காரர் தம் கால்களை மெல்ல மடக்கிக்கொண்டார்.