காதுக்கு மூன்று சொட்டு

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அவர் கையில் இருக்கும் சாவிக்கு இரண்டு வேலை. ஒன்று வண்டியைக் கிளப்புவது, இன்னொன்று காதைக் குடைவது. கடைசி நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டியதும் டிரைவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் சாவியைக் காதுக்குள் விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உலகத்தையே மறந்து நிற்பார்கள். நானே பார்த்திருக்கிறேன். வரிசையாக நாலு பேர், நாலு சாவி. குடைந்தால் குறும்பி வெளியே வந்துவிடும் என்று எந்தப் புண்ணியவான் இவர்களுக்குச் சொல்லிவைத்தானோ! வெளியே எங்கே வருகிறது? குடையக் குடைய உள்ளே போய்க் கெட்டியாக உட்கார்ந்துகொள்கிறது.

அப்படித்தான் இவருக்கும் அடைத்துக்கொண்டது. எட்டு மாதமாக இந்த வீட்டில் நான் எது சொன்னாலும் ஒரே பதில்தான். "ஆங்?" குழாய் ஒழுகுகிறது என்றால், "ஆங்?" கேஸ் தீரப்போகிறது என்றால், "ஆங்?" மூன்றாவது தடவை கத்திச் சொன்னால், "எதுக்கு இப்படிக் கத்துறே?" என்று எனக்கே திருப்பிக் கொடுப்பார். பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும், காது கேட்காத மனுஷனோடு என்ன சண்டை வேண்டிக் கிடக்கிறது என்று வாயை மூடிக்கொள்வேன்.

அந்த எட்டு மாதத்தில் ஒரு நாளைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கென்று இருப்பது அக்கா ஒருத்திதான். அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று போன் வந்தது. சாப்பிடும்போது அவருக்கு இடது பக்கம் உட்காருவது என் வழக்கம். படுப்பதும் அந்தப் பக்கம்தான். சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னேன். "அக்காவுக்குத் திங்கக்கிழமை ஆபரேஷன். ரெண்டு நாள் லீவு போடுங்க, சேந்து போயிட்டு வரலாம். தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு."

"ஆங்?" என்றார்.

மறுபடி சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டே மென்றார். படுக்கையில் ஒரு தடவை சொன்னேன். குறட்டை வந்தது. அதற்கு மேல் கெஞ்ச எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. மூன்று பஸ் மாறித் தனியாகப் போனேன். ஆபரேஷன் அறை வாசலில், பக்கத்தில் பேச ஒரு நாதி இல்லாமல், நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்ததும் இவர் என்ன சொன்னார் தெரியுமா? "எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே! காதுதான் அடைச்சுத் தொலைச்சிருக்கே." சொல்லும்போது கண் கலங்கியது அவருக்கு. நானும் அழுதுவிட்டேன். பாவம், காது கேட்காத மனுஷனைப் போய் மனசுக்குள் திட்டிவிட்டோமே என்று அழுதேன். நான் ஒரு மடச்சி.

போன வாரம் டிப்போவிலிருந்து தாள் வந்தது. வியாழக்கிழமை டிரைவர்களுக்குக் காது சோதனை. டாக்டர் ஒரு கை தூரத்தில் பின்னால் நிற்பார். டிரைவருடைய ஒரு காதைப் பொத்தி, மறு காதுக்கு எண்களை முணுமுணுப்பார். திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு காதில் தவறினாலும் போச்சு, ஸ்டியரிங்கை விட்டு இறக்கி வண்டி கழுவும் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். இவருக்கு முகம் செத்துவிட்டது. ஓட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது அவருக்கு.

வெள்ளிக்கிழமை சுகாதார நிலையத்துக்குத் தனியாகப் போய்விட்டு வந்தார். "நர்ஸம்மா லைட் அடிச்சுப் பாத்தாங்க. ரெண்டு காதும் அடைச்சிருக்காம். சவ்வுல ஓட்டை ஒண்ணும் இல்லையாம். சொட்டு மருந்து விட்டு ஊற வைக்கச் சொன்னாங்க."

"சீட்டு எங்க?"

"வழியில எங்கயோ விழுந்துடுச்சு."

தலையில் அடித்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினேன். கடைக்கார அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "காதுல வலி, சீழ், ரத்தம் ஏதாவது?"

"இல்லம்மா. ஓட்டையும் இல்லன்னு பாத்துட்டாங்க."

"அப்ப சரி. பாட்டிலக் கொஞ்ச நேரம் கையில பொத்தி வச்சிருந்து, சில்லுன்னு இல்லாமப் பாத்துக்குங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, காதுக்கு மூணு சொட்டு. பத்து நிமிஷம் அசையக் கூடாது. காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, அஞ்சு நாள். பாதிப் பேருக்குத் தானாவே கரைஞ்சு வந்துடும். வரலன்னா நர்ஸ்கிட்ட திரும்பப் போங்க, தண்ணி அடிச்சு எடுப்பாங்க. நீங்களா எதையும் உள்ள விடாதீங்க. பட்ஸ் கூடாது, ஊக்கு கூடாது."

"பஸ் சாவி?" என்று கேட்டேன்.

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இவருடைய கூட்டாளி வந்தார், டிப்போவில் டயருக்குக் காற்று அடிப்பவர். வந்ததும் வராததுமாக, "அஞ்சு நாள் எதுக்குண்ணே? டிப்போவுக்கு வாங்க, காத்துப் பைப்ப வச்சு ஒரே ஊது. அந்தக் காது வழியா வந்துடும்!" என்றார்.

இவர் உடனே கிளம்பச் செருப்பைத் தேடினார்! சத்தியமாகச் சொல்கிறேன், செருப்பைத் தேடினார்.

"லாரி டயரா அது?" என்று கத்தினேன். "சவ்வு கிழிஞ்சா நீங்க ஒட்டுப் போடுவீங்களா? காதுன்னு நினைச்சீங்களா, டியூப்னு நினைச்சீங்களா? டீ குடிச்சாச்சுல்ல, கிளம்புங்க!" அந்த மனுஷன் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

ஐந்து நாள். சனிக்கிழமை தொடங்கித் தினமும், சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டுவிட்டு, கால் கடுக்க வீட்டுக்கு வந்து, பாட்டிலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு உட்காருவேன். வலது காதுக்கு மூன்று சொட்டு, பத்து நிமிஷம். திருப்பிப் போட்டு, இடது காதுக்கு மூன்று சொட்டு, இன்னொரு பத்து நிமிஷம். காதோரம் வழிவதைத் துடைத்துவிடுவேன். மனுஷன் குழந்தை மாதிரிக் கிடப்பார். அடுப்பில் எது தீய்ந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்.

மருந்து விடும் முன் ஒரு பரீட்சையும் வைத்தேன். டாக்டர் மாதிரியே பின்னால் நின்று, ஒரு காதைப் பொத்தி, எண்களை முணுமுணுத்தேன். முதல் நாள் இரண்டு பக்கமும் பூஜ்யம். மூன்றாம் நாள் வலது காது பாதி எண்களைப் பிடித்தது. இடது காது மட்டும் மசியவில்லை. நான் இருபத்தாறு என்றால், "எண்பதா?" என்பார். ஐம்பது என்றால், "என்னமோ காத்து வர்ற மாதிரி இருக்கு," என்பார். இன்னும் ரெண்டு நாள்தானே இருக்கிறது, இந்தக் காது காலை வாரிவிடப் போகிறதே என்று கடையில் நின்றபடியே கண்ணீர் விட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் தலையணைத் துணியில் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு கட்டி கிடந்தது. பட்டாணி அளவு. "கேக்குது!" என்று கூவினார். "வலது பக்கம் திறந்துடுச்சு. ஃபேன் சத்தம் கேக்குது!" அந்த அசிங்கத்தை ஏதோ நகை போல இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். "இடது?" என்று கேட்டேன். "அதுவும் லேசா விடுற மாதிரிதான் இருக்கு," என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

புதன்கிழமை சாயந்திரம் மறுநாளைக்காக, வெள்ளிக்கிழமை போட்டுக் கழற்றி மாட்டியிருந்த யூனிபார்மை வீட்டு இஸ்திரி மேஜையில் விரித்தேன். பதினோரு வருஷமாகச் சலவைக் கடையில் இருக்கிறேன். எந்தத் துணியாக இருந்தாலும் எல்லாப் பைகளையும் திருப்பிப் பார்க்காமல் இஸ்திரிப் பெட்டி வைக்க மாட்டேன். ஊர்ச் சட்டைகளில் எத்தனை காதல் கடிதம், எத்தனை பல் செட் பார்த்தவள் நான். கால்சட்டையில் இடுப்புப் பட்டைக்குக் கீழே, கடிகாரப் பை என்று ஒன்று இருக்கும், கட்டை விரல் நுழைகிற அளவுக்கு. அதற்குள் எட்டாக மடித்த ஒரு சீட்டு இருந்தது.

நர்ஸம்மாவின் கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது. "வலது காது: குறும்பி அடைப்பு. சவ்வில் ஓட்டை இல்லை. மூன்று சொட்டு, இரண்டு வேளை, ஐந்து நாள். இடது காது: சுத்தமாக உள்ளது. நன்றாகக் கேட்கிறது. மருந்து வேண்டாம்."

இரண்டு தடவை படித்தேன். பெட்டி மேஜையில் சூடாக உட்கார்ந்திருந்தது.

இடது காது. நான் உட்காருகிற பக்கம். நான் படுக்கிற பக்கம். குழாய், கேஸ், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று சொன்னது, எல்லாமே அந்தக் காதுக்குள்தான் போயிருக்கிறது! பொய்யைக் காப்பாற்ற, வேண்டாத மருந்தை ஐந்து நாள் அந்தக் காதில் வாங்கிக்கொண்டு, பத்துப் பத்து நிமிஷம் அசையாமல் கிடந்திருக்கிறார். யாருக்குக் காது குத்துகிறார்? அன்றைக்கு அந்தக் கண் கலங்கியதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பெட்டியை எடுத்து வீசியிருப்பேன். வீசவில்லை. சட்டையையும் கால்சட்டையையும் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு மாட்டினேன். வேலையில் கோபத்தைக் காட்டி எனக்குப் பழக்கமில்லை.

முன்னறைக்குப் போனேன். "கடைசிப் பரீட்சை. உக்காருங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் ஒரு கை தூரத்தில் நின்றேன். இடது காதைப் பொத்தினேன். "நாப்பத்தேழு," என்று முணுமுணுத்தேன்.

"நாப்பத்தேழு!"

"தொண்ணூத்திரண்டு."

"தொண்ணூத்திரண்டு! பாத்தியா, எப்படி!"

"இப்ப இடது," என்றேன். வலது காதை உள்ளங்கையால் இறுக்கி அழுத்தினேன். டாக்டர்கூட அவ்வளவு சன்னமாகப் பேச மாட்டார். எனக்கே பாதிதான் கேட்டது.

"நாளைக்குக் காலையில நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

அவர் படக்கென்று திரும்பினார். "எத்தனை நாளைக்கு?"

"இடது காது பாஸ்," என்றேன்.

சீட்டை அவர் மடியில் போட்டுவிட்டு, பரண் மேல் இருந்த துணிப்பெட்டியை இறக்கப் போனேன்.