துரைக்குடியின் இரண்டு வாரிசுகள்

நாரணாபுரத்துக்கு மேற்கே துரைக்குடி என்று ஓர் ஊர் இருந்தது. பருத்தி வாங்க வந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் வீடு கட்டி வாழ்ந்த ஊர். ஒரே மாதக் காலராவில் ஒழிந்தது. மிஞ்சியது கல்லறைத் தோட்டம். பட்டாசுத் தொழிலாளி முருகம்மாள் தன் தாய் பஞ்சம்மாளைப் புதைத்ததும் அங்கேதான். அவளுடைய முதலாளி சுந்தரபாண்டி, அதே இடத்தை வாங்கி, குடோன் கட்டப் பொக்லைனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

அது 2007. துரைக்குடி வாரிசுகள் இரண்டு பேராவது டிஎன்ஏ சோதனையில் உறுதியானால், இடத்தை வாங்கிச் சுவர் எழுப்புவதாக, வெள்ளைக்காரர் கல்லறைகளைப் பேணும் லண்டன் சங்கம் ஒன்று சொன்னது. வெள்ளைக்காரன் விலை நல்ல விலை. சுந்தரபாண்டி இரண்டு மாதம் பொறுக்கச் சம்மதித்தார்.

துரைமார் ரத்தம் கலந்திருக்கலாம் என்று, பூனைக்கண் உள்ளவர்கள் எல்லாரும் சோதனைக்கு எச்சில் கொடுத்தார்கள். முருகம்மாளும் அவள் கணவன் சங்கிலிமுத்துவும் கொடுத்தார்கள். கெடு முடியும் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சங்கத்தின் ஆளான அன்பரசன் முடிவோடு வந்தான்.

"உங்க ரெண்டு பேருக்குந்தான்க்கா வெள்ளைக்காரி வழி வருது. ஆனா ரெண்டும் ஒரே தாய்வழி. புருசன் பொண்டாட்டிக்கு இப்படி வராது, ரெண்டு பேரு எச்சிலும் கலந்துபோச்சுன்னு தள்ளிட்டாங்க."

"ஏன் வராது? அவரு எங்கம்மா கூடப்பிறந்த தம்பி. என் தாய்மாமன்."

"ஃபாரத்துல புருசன்னுதானே சொன்னீங்க?"

"ஒரு ஆளுக்கு ஒரு உறவுதான தம்பி கேட்டீக."

லண்டன் வாய்ச்சொல்லை நம்பவில்லை, எழுத்தில் கேட்டது. ரேஷன் கார்டும் புருசன் என்றே சொன்னது. சனிக்கிழமை, தீபாவளி சீசன் சம்பளத்தை விட்டுவிட்டு, முருகம்மாள் திருத்தங்கலுக்கு பஸ் ஏறினாள். வீட்டில் ஒன்றுகூட மிஞ்சாத அவளுடைய கல்யாணப் பத்திரிகையை அடித்த அச்சகம் அங்கே இருந்தது. அடித்ததில் ஒன்றை அவர்கள் ஆல்பத்தில் ஒட்டி வைப்பது வழக்கம்.

"பதினெட்டு வருசத்துப் பத்திரிகையா? பரண்ல ஏற எங்கிட்ட ஆளு இல்லத்தா," என்றார் அச்சகக்காரர் வேலுச்சாமி.

"ஏணி இருக்குல்ல? நானே ஏறிக்கிடுதேன்."

"உன் புருசன் யாருன்னு உனக்கே சாட்சி வேணுமாக்கும்?"

"எனக்கு வேண்டாம்ணே. லண்டனுக்கு வேணும்."

காலையில் ஏறியவள் மாலை நாலு மணிக்குத்தான் இறங்கினாள். தலையெல்லாம் ஒட்டடை. கையில் மஞ்சள் பூசிய கல்யாணப் பத்திரிகை: மணமகன், பெத்தணன் – பத்திரகாளி மகன் சங்கிலிமுத்து, மணமகள், மேற்படியார் மகள் பஞ்சம்மாளின் புதல்வி முருகம்மாள்.

அன்பரசன் அதை இங்கிலீஷாக்கி அனுப்பினான். திங்கள் மாலை பதில் வந்தது. வாரிசுகள் இரண்டு பேர், உறுதி.

சேதி கேட்டு வந்த சுந்தரபாண்டி சிரித்தார். "எங்கிட்ட இத்தனை வருசமா ஒரு துரைசாணியா திரி சுத்துனா?"

"அது கிடக்கட்டும் மொதலாளி," என்றாள் முருகம்மாள். "பொக்லைனை எடுக்கச் சொல்லுங்க. எங்கம்மா தலைமாட்டுல நிக்குது."